மூன்றாவது அடுக்கில் அனுமதி இல்லை

அந்த மருத்துவமனையின் கணினிப் பிரிவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் எல்லாம் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். இப்போது இருப்பவர்களுக்கு அவர் நேரில் ‘சார்’. முதுகுக்குப் பின்னால் ‘பூட்டு’. பத்தொன்பது வருடமாகச் சேமிப்பகத்துக்கு அவர்தான் பொறுப்பு. நோயாளிகளின் ஸ்கேன் படங்கள், மருந்துக் கிடங்கின் இருப்பு, ஊழியர் வருகை என்று அந்த மருத்துவமனை மறக்கக் கூடாத எல்லாமே அவருடைய கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், குளிரூட்டிய அறையில் இரைந்துகொண்டிருக்கும் இரும்பு அலமாரிகளில் இருக்கின்றன.

அவரைத் திறமைசாலி என்று சொல்ல முடியாது. கவனமானவர். இரண்டும் ஒன்றல்ல என்பது அவருக்கே தெரியும். அதனால் கவனத்தைக் கூட்டிக்கொண்டே போனார். ஒரு கட்டத்துக்குப் பிறகு அது சந்தேகமாகிவிட்டது. சாப்பிடப் போகும்போது மேசை இழுப்பறையின் இடுக்கில் ஒரு காகிதத் துணுக்கைச் செருகிவிட்டுப் போவார். திரும்பி வந்ததும் குனிந்து, அது அதே கோணத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார். அறைச் சாவியை யாரிடமாவது கொடுத்து வாங்கினால் முகர்ந்து பார்ப்பார் என்றும் ஒரு பேச்சு உண்டு. யாராவது சோப்புக் கட்டியில் அச்செடுத்திருந்தால் வாசனை காட்டிக்கொடுத்துவிடுமாம். இது பொய்யாக இருக்கலாம். ஆனால் கேட்டவர்களில் ஒருவர்கூட ‘அவரா? இருக்காதே’ என்று சொன்னதில்லை.

வீட்டிலும் அப்படித்தான். பால் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைப்பார். அவருடைய மனைவி வீட்டிலேயே தையல் வகுப்பு நடத்துகிறவர், வாய்ப்பேச்சில் யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர்.

“ஏங்க, இருக்கிறதே ரெண்டு பேர். பால் குறைஞ்சா ஒண்ணு நீங்க குடிச்சிருக்கணும், இல்ல நான் குடிச்சிருக்கணும். இதுக்கு எதுக்குக் கோடு?”

“ரெண்டு பேர்ல யாருன்னு தெரிய வேணாமா?”

“தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?”

தெரிந்துகொள்வதோடு அவருக்கு விஷயம் முடிந்துவிடும். தண்டிக்கும் ஆசை அவருக்குக் கிடையாது; அது அவரைப் பற்றி நல்லதாகச் சொல்லக்கூடிய சிலவற்றில் ஒன்று.

அவருடைய சந்தேகம் ஒரே ஒரு முறை பலித்திருக்கிறது. ஒன்பது வருடம் முன்பு, அலமாரிகளைப் பராமரிக்க வந்த வெளி ஆள் ஒருவன் நோயாளிகளின் முகவரிகளை நகலெடுத்துக்கொண்டிருந்ததை இவர்தான் பிடித்தார். பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள். சந்தேகப்படுகிறவனுக்கு ஒரு வெற்றி கிடைத்துவிட்டால் அதற்குப் பிறகு அவனைத் திருத்த முடியாது. தவறிப்போன ஆயிரம் சந்தேகங்கள் அவன் கணக்கில் சேர்வதே இல்லை. அந்தக் கடிதத்துக்குப் பிறகு அவர் ஒரு மாற்றப் பதிவேடு வைத்தார். சேமிப்பகத்தில் யார் எதைத் தொட்டாலும் தேதி, நேரம், காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தடித்த அட்டை போட்ட அந்த நோட்டு, யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கும்படி வாசல் மேசையில் கிடக்கும்.

ஐந்தரை மாதங்களுக்கு முன்பு அவருக்கு உதவியாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். முப்பத்தொரு வயது. பிரிவில் எல்லாரும் அவளைப் ‘புதுசு’ என்றார்கள். அவளுடைய கணவனுக்கு இதே ஊரில் வேலை; அவள் மூன்று வருடம் வேறு ஊரில் தனியாகக் குழந்தையை வைத்துக்கொண்டு காலம் தள்ளிவிட்டு, இந்த வேலை கிடைத்த பிறகுதான் வந்து சேர்ந்திருந்தாள். அதுவும் பாதிதான். ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிந்து வேலை உறுதியான பிறகு வீடு பார்க்கலாம் என்று, கணவனின் அக்கா வீட்டு மாடியறையில் மூன்று பேரும் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். வேலை உறுதியாகவில்லை என்றால் மறுபடியும் அந்தப் பழைய ஊர், பழைய வேலை. அவள் இதை யாரிடமும் மறைக்கவில்லை. பூட்டுக்கும் தெரியும்.

உறுதிப் படிவத்தில் எழுத வேண்டியவர் அவர்தான். பன்னிரண்டு கேள்விகள். பதினொன்றுக்கு அவர் ஏற்கெனவே பதில் எழுதிவிட்டார். எல்லாம் நல்ல பதில்கள்தான். பன்னிரண்டாவது கேள்வி: ‘பொறுப்புகளை நம்பி ஒப்படைக்கத் தக்கவரா?’ அந்த இடம் மட்டும் இரண்டு வாரமாகக் காலியாக இருந்தது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் தலைமை அலுவலகத்துக்குப் போயாக வேண்டும்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்கேன் படங்களை வைத்திருக்கும் கணினியை நிறுத்தி, புதுப்பித்து, திரும்ப ஓட்ட வேண்டும். முந்தைய நாளே அவள் பதிவேட்டில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கியிருந்தாள்.

கணினி என்று சொன்னாலும் அதற்கு உடம்பு கிடையாது. ஒரு பெரிய சர்வருக்குள் அப்படிப்பட்ட பதினெட்டு மெய்நிகர் கணினிகள் ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே இருந்து பார்த்தால் ஒவ்வொன்றும் தனி இயந்திரம். வெளியே இருந்து பார்த்தால் அதன் ஹார்ட் டிஸ்க் முழுவதும் ஒரே ஒரு பெரிய ஃபைல். அந்த ஃபைலைத் திறக்க முடிந்தால் கணினி எழுந்திருக்கும். முடியாவிட்டால் அப்படியொரு கணினி இருந்ததற்கே அர்த்தமில்லை. யார் எந்த ஃபைலைத் திறக்கலாம் என்பதற்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு, ஒரு விதி உண்டு.

பத்து ஏழுக்கு நிறுத்தினாள். பத்தே காலுக்கு ஓட்டினாள். திரையில் ஒரு வரி வந்தது: அனுமதி மறுக்கப்பட்டது.

பூட்டு வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

“என்ன பண்ணீங்க?”

“நிறுத்தினேன், அப்டேட் போட்டேன், திரும்ப ஸ்டார்ட் பண்ணேன் சார்.”

“வேற?”

“வேற ஒண்ணும் பண்ணல.”

“ஒண்ணும் பண்ணலன்னா ஓடணுமேம்மா. மத்த பதினேழும் ஓடுதே. நீங்க தொட்டது மட்டும் படுத்துக்கிச்சு.”

அவர் தன் இடத்துக்குப் போய் ரூட் கணக்கில் நுழைந்தார். ரூட் என்பது எல்லா அனுமதியும் உள்ள தலைமைக் கணக்கு. அதன் பாஸ்வேர்டு அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஸ்கேன் கணினியின் ஃபைலைப் பார்த்தார். அதன் சொந்தக்காரர் மாறியிருந்தார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவர் எல்லா ஃபைல்களின் சொந்தக்காரர்களையும் பட்டியல் எடுத்து அச்சிட்டு வைப்பார். இந்தத் திங்கட்கிழமைப் பட்டியலில் அது, மெய்நிகர் கணினிகளை ஓட்டுவதற்கென்றே உள்ள, ஆளில்லாத ஒரு கணக்கின் பெயரில் இருந்தது. இப்போது ரூட் பெயரில் இருக்கிறது. மாறிய நேரம் பத்து ஏழு.

பேப்பரை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார்.

“பத்து ஏழுக்கு கீபோர்டுல யாரு இருந்தா?”

“நான்தான் சார். ஆனா நான் மாத்தல. நிறுத்தினா அதுவே மாத்திக்கும். ஓடும்போது அந்தக் கணக்குப் பேர்ல இருக்கும், நின்னா ரூட் பேர்ல திருப்பி வெச்சிடும். ஸ்டார்ட் பண்ணா மறுபடி மாறும்.”

“யாருமே தொடாம, தானா?”

“ஆமா சார்.”

“வீட்டுப் பட்டா தானா பேர் மாறினதா நான் இதுவரைக்கும் கேள்விப்பட்டதில்லம்மா.”

அவள் சொன்னது உண்மை. ஆனால் அந்த ஸ்கேன் கணினி பதினான்கு மாதமாக ஒரு நாளும் நிற்காமல் ஓடியது. நின்றால் என்ன நடக்கும் என்பதை அவர் கவனித்துப் பார்க்கும் சந்தர்ப்பமே வரவில்லை. தனக்குத் தெரியாத ஒன்றை ஒருவர் சட்டென்று சரளமாகச் சொல்லும்போது, அது அறிவா, முன்கூட்டித் தயாரித்த சாக்கா என்று பிரித்துப் பார்க்க அவரிடம் கருவி இல்லை. அவர் சாக்கு என்றே எடுத்துக்கொண்டார்.

இருந்தாலும் சரிசெய்யப் பார்த்தார். சொந்தக்காரரைப் பழையபடி மாற்றினார். ஓடவில்லை. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம் என்று அந்த ஃபைலை முழுக்கத் திறந்துவிட்டார். வாழ்நாளில் அவர் செய்யாத காரியம். அப்படியும் அதே வரி: அனுமதி மறுக்கப்பட்டது. ஆனால் ரூட் கணக்கிலிருந்து அவர் அந்த ஃபைலைத் திறந்தால் எந்தத் தடையும் இல்லாமல் திறந்தது.

“எனக்குத் திறக்குது. அதுக்குத் திறக்கல. நடுவுல யாரோ ஏதோ பண்ணியிருக்காங்க.”

“ரூட்டா பாத்தா எல்லாமே திறந்துதான் சார் தெரியும். ரூட்டை எந்த விதியும் தடுக்காது. அந்த ஓட்டுற கணக்கா மாறி ஒரு தடவ உள்ள போய்ப் பாருங்க.”

“எனக்கு வழி காட்ட வேணாம்மா.”

அவள் சொன்னதில் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. எங்கேயும் தடுக்கப்படாதவனுக்குத் தடை எங்கே இருக்கிறது என்பது தெரியவே தெரியாது. அவர் பத்தொன்பது வருடமாக ரூட்.

அதற்குள் ஸ்கேன் அறைக்காரர் மாடி ஏறி வந்துவிட்டார். பெரிய வயிறும் அதைவிடப் பெரிய குரலும் உள்ள மனிதர்.

“என்ன சார், உங்க பெட்டி உள்ள போய் தாழ் போட்டுக்கிச்சா? கீழ டாக்டருங்க எல்லாம் போன வருஷப் படத்தைக் காட்டு, அதுக்கு முந்தின படத்தைக் காட்டுன்னு என் சட்டையைப் பிடிக்கிறாங்க. நான் என்ன, பாக்கெட்லயா வெச்சிருக்கேன்?”

“பாத்துக்கிட்டிருக்கோம்.”

“பாத்துக்கிட்டேதான் இருக்கீங்க. ஓட்டுங்க சார்.” புதியவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். “என்னம்மா, சாவியை இவரு உங்ககிட்ட தரலையா? எங்ககிட்ட கழிவறைச் சாவியைக் குடுக்கவே மூணு வருஷம் யோசிச்சாரு.”

யாரும் சிரிக்கவில்லை. ஸ்கேன் அறைக்காரர் இறங்கிப் போனார்.

பதினொன்றே காலுக்கு அந்தப் பெண் எழுந்து, கையில் போனைப் பிடித்தபடி பூட்டின் மேசைக்கு வந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

“உங்க கணக்கை நிறுத்தி வெச்சிட்டேன். இது முடியற வரைக்கும் எதையும் தொட வேணாம். ஓய்வறையில உக்காருங்க.”

அவள் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள். அவருக்கு அது குற்றமுள்ளவளின் மௌனமாகத் தெரிந்தது. குற்றமற்றவள் என்றால் சண்டை போட்டிருக்க வேண்டாமா என்று நினைத்தார். சண்டை போட்டிருந்தால், உறுத்துகிறது, அதனால்தான் கத்துகிறாள் என்று நினைத்திருப்பார்.

பன்னிரண்டு மணிக்குப் பூட்டு மேலாளரின் அறையில் இருந்தார். மேலாளர் அவரைவிடப் பத்து வயது இளையவர், கணக்கியல் படித்துவிட்டுக் கணினிப் பிரிவுக்குத் தலைவியானவர். கணினி புரியாது, மனிதர்கள் எழுதித் தருவது புரியும். பூட்டு எழுதித் தந்த புகாரை இரண்டு முறை படித்தார். அனுமதி விதிகளை வேண்டுமென்றே மாற்றியதாகச் சந்தேகம் என்று அதில் இருந்தது. பூட்டு உறுதிப் படிவத்தையும் கொண்டுவந்திருந்தார். பன்னிரண்டாவது கேள்விக்கு நேராகப் பென்சிலால், ‘தக்கவர் அல்ல.’

“பென்சில்ல எழுதியிருக்கீங்க.”

“உங்ககிட்ட கேட்டுட்டு பேனாவுல எழுதலாம்னு மேடம்.”

“சார், இந்த ரெண்டு வார்த்தையோட அந்தப் பொண்ணு கதை முடிஞ்சது. இங்க மட்டும் இல்ல, அடுத்த இடத்துலயும் இதைக் கேப்பாங்க. அதனால எனக்குப் புரியற மாதிரி காட்டுங்க. முதல் வாசல்லேருந்து அந்த ஃபைல் வரைக்கும் ஒவ்வொரு படியா. எந்தப் படியில, எந்த நேரத்துல, எதை மாத்தினா. மூணு மணிக்கு ரெண்டு பேரையும் கூப்பிடறேன்.”

“அவ எதுக்கு மேடம்?”

“அவ மேல புகார். அவ இருக்க வேணாமா?”

அவர் மதியம் சாப்பிடவில்லை. ஆதாரம் தயாரிக்க உட்கார்ந்தார். மேலாளர் கேட்டபடி முதல் வாசலிலிருந்து தொடங்க வேண்டும். ரூட்டாகப் பார்த்தால் எந்தப் படியிலும் மறுப்பு வராது. மறுப்பு வராமல் எதை அச்செடுத்துக் காட்டுவது? வேண்டாவெறுப்பாக, காலையில் அவள் சொன்னதைச் செய்தார். கணினிகளை ஓட்டும் கணக்காக மாறி, ஒவ்வொரு ஃபோல்டராக உள்ளே போனார்.

முதல் அடுக்கு, எல்லாச் சேமிப்பும் உள்ள ஃபோல்டர். போக முடிந்தது. அச்செடுத்தார். இரண்டாவது அடுக்கு, பதினெட்டுக் கணினிகளுக்குமான ஃபோல்டர். போக முடிந்தது. அச்செடுத்தார். மூன்றாவது, ஸ்கேன் என்று பெயரிட்ட ஃபோல்டர். அதற்குள்தான் அந்த ஃபைல் இருக்கிறது.

அனுமதி மறுக்கப்பட்டது.

ஃபைலில் ஒரு கோளாறும் இல்லை. ஃபைல் இருக்கும் ஃபோல்டருக்குள்ளேயே அந்தக் கணக்கால் காலடி வைக்க முடியவில்லை. அவர் வாராவாரம் அச்சிடும் பட்டியலில் ஃபைல்கள் மட்டும்தான் உண்டு. அந்தப் பட்டியலைத் தயாரித்தபோது ஃபோல்டர்களைச் சேர்க்க அவருக்குத் தோன்றவில்லை.

இதோ மாட்டினாள் என்று அவருக்கு ஒரு நிமிடம் உடம்பு லேசானது. அந்த ஃபோல்டரின் விதி எப்போது மாறியது என்று கேட்டார். திரை சொன்னது: ஏழு மாதம் முன்பு, ஒரு திங்கட்கிழமை, காலை எட்டு ஐம்பத்திரண்டு.

அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்தது ஐந்தரை மாதம் முன்பு.

அவருக்கு அந்தத் திங்கட்கிழமை நினைவுக்கு வர அதிக நேரம் ஆகவில்லை. மனைவிக்குப் பித்தப்பையை எடுத்தார்கள். பல வருடத்தில் முதல் தடவையாகப் பத்து நாள் விடுப்பு எடுத்தார். (படுக்கையிலிருந்தே அந்த அம்மாள், “எனக்குள்ள ஒரு உறுப்பு குறையுதுங்க. யார் எடுத்தான்னு டாக்டர் மேல ஒரு புகார் எழுதுங்க” என்று சொன்னது பிரிவு முழுக்கப் பரவியிருந்தது.) விடுப்பு முடிந்து வந்து உட்கார்ந்தபோது அவருடைய நாற்காலி இரண்டு விரல்கடை தாழ்ந்திருந்தது. யாரோ அதில் உட்கார்ந்திருக்கிறார்கள். யார் என்று கேட்டால் யாரும் சொல்லவில்லை. ஸ்கேன் படங்கள்தான் அங்கே இருப்பதிலேயே அந்தரங்கமானவை. பையை இறக்கி வைப்பதற்கு முன்பே, ஸ்கேன் ஃபோல்டரில் மற்றவர்களுக்கு இருந்த அனுமதியை நீக்கினார். மற்றவர்கள் என்று அவர் நினைத்தது மனிதர்களை. அந்தக் கணினியை ஓட்டும் கணக்கும் விதிப்படி மற்றவர்களில் ஒன்று என்பது அவர் எண்ணத்தில் வரவில்லை.

அப்படியானால் ஏழு மாதம் எப்படி ஓடியது? ஓடிக்கொண்டிருந்ததால்தான் ஓடியது. கணினி அந்த ஃபைலை ஏற்கெனவே திறந்து வைத்திருந்தது. நுழையும்போதுதான் அனுமதி கேட்பார்கள். உள்ளே இருப்பவரை எழுப்பிக் கேட்பதில்லை. இன்று காலை அது வெளியே வந்தது. திரும்ப நுழைய முடியவில்லை.

ஏழு மாதம் முன்பு செய்ததை அவர் பதிவேட்டில் எழுதவும் இல்லை. எல்லாரையும் எழுதச் சொன்னவர், அன்றைக்கு மட்டும் எழுதவில்லை. எழுதினால் நாற்காலியில் உட்கார்ந்த ஆளும் படித்துவிடுவானே என்று நினைத்தார். எழுதாததால் மறந்தும் போனார்.

அப்போது தொலைபேசி அடித்தது. ஸ்கேன் அறைக்காரர். இந்த முறை குரலில் கேலி இல்லை.

“சார், நாளைக்குக் காலைல மூளையில ஆபரேஷன் ஒருத்தருக்கு. சர்ஜன் மூணரைக்குப் பழைய படம் கேக்கறாரு. இருந்தா இருக்குன்னு சொல்லுங்க, இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. இழுத்தடிக்காதீங்க.”

“இருக்கு. இதோ குடுக்கறேன்.”

ஒரே வரியில் சரிசெய்துவிடலாம். அனுமதியைத் திருப்பிக் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் கணினி ஓடும். கை விசைப்பலகைக்குப் போய் நின்றது. ஏனென்றால் விதியைத் திருத்திய அந்தக் கணமே ஃபோல்டரில் இருக்கும் தேதியும் மாறிவிடும். ஏழு மாதம் முன்பு என்பது போய், இன்று என்று ஆகிவிடும். இன்று, அவள் கீபோர்டில் இருந்த நாள். அதற்குப் பிறகு அவள் செய்யவில்லை என்பதற்கு எந்தத் தடயமும் இருக்காது. தான் பொய் சொல்லக்கூட வேண்டியதில்லை. நோயாளிக்காக அவசரமாகச் சரிசெய்தேன் என்று உண்மையைச் சொன்னாலே போதும். இவ்வளவு சுத்தமான வழி ஒருவருக்கு வாழ்க்கையில் அடிக்கடி கிடைப்பதில்லை.

அவர் ஓய்வறைக்குப் போனார். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

“கொஞ்சம் வாங்கம்மா. ஒண்ணு பாக்கணும்.”

அதை நேர்மை என்று சொல்லிவிட அவசரப்பட வேண்டியதில்லை. வேறு யார் அந்தத் தேதியை அழிக்கப் போயிருந்தாலும் அவர் கையைப் பிடித்திருப்பார். அந்தப் பழக்கம் அன்று அவர் மீதே பாய்ந்தது என்றும் சொல்லலாம். எப்படியிருந்தாலும் அவர் கூப்பிட்டார்.

அவள் திரையைப் பார்த்தாள். முகத்தில் வியப்பே இல்லை. அவர் அதைக் கவனித்தார்.

“உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?”

அவள் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினாள். அதே ஃபோல்டர், அதே விதி, அதே தேதி. படம் எடுத்த நேரம் பத்து ஐம்பது.

“பத்து அம்பதுக்கே தெரியும் சார். உங்ககிட்ட காட்டத்தான் வந்தேன். நீங்க என் கணக்கை நிறுத்திட்டேன்னு சொன்னீங்க.”

“அப்பவே காட்டியிருக்கலாமேம்மா.”

“காட்டியிருந்தா? நீங்கதானே இப்ப மாத்தினீங்கன்னு சொல்லியிருப்பீங்க. உடனே உக்காந்து சரியும் பண்ணியிருப்பீங்க. தேதி போயிருக்கும். மேடம் முன்னாடி காட்டலாம்னு வெச்சிருந்தேன்.”

“படத்தையும் நான் நம்பியிருக்க மாட்டேன்தான்.”

“அதான்.”

அவர் திரையில் இருந்த தேதியை மறுபடி பார்த்தார். “நான் வேணும்னு பண்ணலம்மா. மறந்துட்டேன்.”

அவள் அதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “முதல்ல அச்செடுங்க சார்” என்றாள்.

அச்செடுத்தார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். காலையில் முழுக்கத் திறந்துவிட்ட ஃபைலைப் பழைய விதிக்கே மூடினார். பிறகு அந்த ஒரு வரியைத் தட்டினார். ஸ்கேன் கணினி எழுந்தது. எழுந்த கணத்தில் அந்த ஃபைலின் சொந்தக்காரர் ரூட்டிலிருந்து தானாகவே மாறியதை அவர் கண்ணால் பார்த்தார். கீபோர்டில் யார் கையும் இல்லை. கீழே கூப்பிட்டுச் சொன்னார். ஸ்கேன் அறைக்காரர் நன்றி சொல்லாமல் வைத்துவிட்டார்.

மூன்று மணிக்கு மேலாளர் எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். அவர் முகத்தில் யார் பக்கமும் சாய்ந்ததற்கான அறிகுறி இல்லை.

“அப்போ காலைல குடுத்த புகார்?”

“கிழிச்சிடுங்க மேடம்.”

“கிழிக்க மாட்டேன். திரும்ப வாங்கிக்கிறேன்னு கீழ எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நீங்க சொல்லிக்குடுத்ததுதான் இது.” பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினார். “நீ பத்து அம்பதுலேருந்து போட்டோவைப் பையில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தே. கீழ ஆபரேஷனுக்கு ஆள் காத்திருக்காங்க.”

“ஆபரேஷன் விஷயம் எனக்குத் தெரியாது மேடம்.”

“ஆஸ்பத்திரியில யாராவது காத்திருப்பாங்கன்னு தெரியாதா?” அவள் தலை குனிந்தாள். “ரெண்டு பேரும் சேர்ந்து இந்த இடத்தை நாலு மணி நேரம் குருடாக்கியிருக்கீங்க. ஒருத்தர் சந்தேகத்துல பூட்டினாரு, இன்னொருத்தர் சந்தேகத்துல சாவியை ஒளிச்சு வெச்சீங்க. பெட்டிக்கு ஒரு கோளாறும் இல்ல.”

படிவத்தைப் பூட்டின் பக்கம் தள்ளினார். “இதை முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க.”

பென்சில் எழுத்தை அழித்தார். பேனாவைத் திறந்துகொண்டு அந்தக் கேள்வியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். காலையில் அவரிடம் இருந்த காரணம் பொய்யானது. அப்போது எழுதத் துணிந்தார். இப்போது அவரிடம் உண்மையான காரணம் ஒன்று இருந்தது. தெரிந்ததைத் தெரியாதவள்போல நாலு மணி நேரம் அவள் உட்கார்ந்திருந்தாள். ஆனால் அவளை அப்படி உட்காரவைத்தது யார் என்று கேட்டால் அதற்கும் பதில் அவரேதான். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக, தெரிந்துகொண்ட ஒன்றை வைத்து என்ன செய்வது என்று அவருக்கு விளங்கவில்லை.

‘தக்கவர்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். மேலாளர் படித்துவிட்டு உறையில் போட்டார்.

தாழ்வாரத்தில் அவள் கூடவே நடந்துவந்தாள்.

“சார், ஒண்ணு கேக்கலாமா? அதை நம்பி எழுதினீங்களா, வேற வழியில்லாம எழுதினீங்களா?”

அவர் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார்.

“தெரியலம்மா.”

“எனக்கும் அப்படித்தான் சார். அந்த ஃபோல்டரை மறந்துட்டேன்னு சொன்னீங்களே, அது.”

சொல்லும்போது அவள் குரலில் கோபம் இல்லை. அவருக்கும் வரவில்லை. அவளுடைய கணக்கை மறுபடி திறந்துவிடுவதாகச் சொன்னார், சரி என்றாள். பிறகு மாடிப்படி வளைவில் ஒதுங்கி நின்று போனில் பேசினாள்.

“ஏங்க, உறுதியாயிடுச்சு. ஆமா, இப்பதான். வீடு பாக்க ஆரம்பிக்கலாம். அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல இருந்தா நல்லது. ரெண்டு ரூம் போதும்.”

பூட்டு தன் அறைக்குள் போகாமல், அவள் பேசி முடிக்கும் வரை கண்ணாடிக் கதவுக்கு வெளியிலேயே நின்றார். அவள் பேசுவது கணவனிடம்தானா என்று தெரிந்துகொள்ளத்தான் நின்றார். கணவனிடம்தான் பேசினாள்.